மாயவரமா, சிங்கப்பூரா, மெல்பர்னா: ஓய்வுக்காலத்துக்கு எந்த ஊர்?

எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். அவற்றில் ஏழு பூட்டிக் கிடக்கின்றன. திண்ணையில் சருகு சேர்ந்திருக்கும், மாதம் ஒருமுறை யாரோ வந்து கூட்டிவிட்டுப் போவார்கள். ஒரு வீட்டார் நியூ ஜெர்சியில் மகளோடு, ஒரு வீட்டார் டொராண்டோவில், மற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும். ஆள் இருக்கிற பதினோரு வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் ஒரே பேச்சுதான்: "அங்கே இரண்டு பேரும் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறீர்கள்? இங்கே வந்துவிடுங்கள்."

எங்கள் வீட்டிலும் அதே பேச்சு ஐந்து ஆண்டுகள் நடந்தது. நான் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் மின்வாரியத்தில் இருந்தவர். மகன் சிங்கப்பூரில், மகள் மெல்பர்னில். இந்த ஐந்து ஆண்டுகளில் சிங்கப்பூரில் எல்லாம் சேர்த்துப் பதினான்கு மாதம், மெல்பர்னில் ஒரே தொடர்ச்சியாக ஏழு மாதம் இருந்து பார்த்தோம். மீதிக் காலம் மயிலாடுதுறையில், எங்கள் வாயில் வரும் பழைய பெயரில் மாயவரத்தில். இதே முடிவை எடுக்கத் தவிக்கிற குடும்பங்கள் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்காக, நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த விதத்தை எழுதுகிறேன்.

பொதுவாக எல்லோரும் விசாவிலும் பணத்திலும் தொடங்குவார்கள். அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பகல் பொழுதை. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுவார்கள். திரும்ப மாலை ஆறு ஆகும். நடுவில் இருக்கிற பத்து மணி நேரத்தில் யாருடைய காரையும் எதிர்பார்க்காமல், கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போய், ஒரு மனிதரோடு நாலு வார்த்தை பேசி, பத்திரமாகத் திரும்பி வர உங்களால் முடியுமா? சனி, ஞாயிறில் பிள்ளைகள் அழைத்துப் போகிற கோவிலும் கடைத்தொகுதியும் எந்த ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அங்கே நாம் சந்திப்பதும் நம் ஆட்களைத்தான். அந்த ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள், எதில் மகிழ்கிறார்கள் என்பதெல்லாம் வார நாளின் பகலில், நம் கால்களால் நடந்து போகும்போதுதான் தெரியவரும்.

சிங்கப்பூர்

டெல்டாக்காரர்களுக்குச் சிங்கப்பூர் அந்நிய மண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் போனவர். 1973 வரை அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் எழுந்த மாரியம்மன் கோவிலை உருவாக்கியவர்கள் நாகை, கடலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா, 1830 வாக்கில் கட்டியது, இன்றும் நிற்கிறது. 1935-இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூரில் பிறந்தவர். முதல் வாரம் மகன் இந்த இடங்களை எல்லாம் காட்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நிறைவில்தான் ஒரு தவறு செய்தேன். எங்கும் தமிழ் எழுத்து; நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அதனால் இது நம் ஊரின் நீட்சி என்று எண்ணிவிட்டேன். சிராங்கூன் சாலையில் பூக்கடையில் ஒரு பெண்மணியிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "சிங்கப்பூர்" என்றார். "அது சரி, சொந்த ஊர்?" என்றேன். அவர் பூ கட்டுவதை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுதான்" என்றார். நான்கு தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களிடம், நேற்று விமானத்தில் வந்து இறங்கிய நான் கேட்கக்கூடாத கேள்வி அது. அவர்களுடைய தமிழில் மலாய்ச் சொல் கலந்திருக்கும். அவர்களுடைய மகன் இரண்டு ஆண்டுகள் கட்டாயத் தேசியச் சேவையில், அதாவது இராணுவம் போன்ற பணியில், இருந்திருப்பான். அவர்கள் கொண்டாடும் தேசிய நாள் ஆகஸ்ட் 9. மொழியை வைத்து உறவு கொண்டாடலாம், ஆனால் அவர்களை இந்தியாவின் கிளையாக நினைத்துப் பேசினால் அவர்களுக்கு வலிக்கிறது. அங்கே போகிற ஒவ்வொரு பெற்றோரும் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பகல் பொழுது அங்கே எனக்கு எளிதாக அமைந்தது. அடுக்குமாடிக்குக் கீழே இறங்கினால் பேருந்து நிறுத்தம். அட்டையைத் தொட்டு ஏறி, தொட்டு இறங்கினால் போதும். மூன்றாவது வாரம் தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய்க் கீரையும் மீனும் வாங்கி வந்தேன். வட்டார நூலகத்தில் தமிழ் நூல்களுக்குத் தனி அடுக்கே இருக்கிறது. உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. உணவங்காடியில் மேசைமேல் ஒரு கைத்துடைப்புப் பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை எடுத்து ஒதுக்கிவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். நம் பெரியவர்கள் சிலர் தட்டை அப்படியே விட்டு எழுந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுச் சீன மூதாட்டி ஒருவர் அதை எடுத்துத் துடைக்கிறார் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

அந்த ஊரை எனக்கு உண்மையில் திறந்து காட்டியது சீனர்களின் ஏழாம் மாதம். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். அடுக்குமாடிகளின் ஓரத்தில் பெரிய தகர உருளைகளில் காகிதப் பணத்தை எரிப்பார்கள். புல்தரையில் ஆரஞ்சுப் பழமும் சோறும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள். இறந்துபோனவர்களுக்கு நாட்டியமும் பாட்டும் நடத்தி, முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்காகக் காலியாக விடுவார்கள். முதலில் எனக்குப் புகைதான் தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் அரைகுறை ஆங்கிலத்தில், "என் அம்மாவுக்கு" என்று ஒரு கிண்ணத்தைக் காட்டினார். எனக்கு உடனே எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையான துலாக்கட்டம் நினைவுக்கு வந்தது. ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்க வரிசையில் நிற்கிற எங்கள் ஊர் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். அவரும் நானும் செய்வது ஒன்றையே என்று சைகையால் சொன்னேன். அதன்பின் மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் அவர் நின்று பேசத் தொடங்கினார். புல்தரையில் வைத்த படையலை ஒருநாளும் மிதித்துவிடாதீர்கள். அதைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம், சுற்றிப் போங்கள்.

மலாய் அண்டை வீட்டாருக்குப் பலகாரம் கொடுக்க ஆசைப்படுவோம். ஹலால் முறை பற்றிய கவனம் அவர்களுக்கு உண்டு; நம் சமையலறையில் செய்ததைச் சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் தயங்குவார்கள். பழம் யாருக்கும் சங்கடம் தராது. நான் மாம்பழத்தில் தொடங்கினேன். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டு விருந்துக்கு அழைப்பு வந்தது.

இனி கடினமான பக்கம். வேலை அனுமதியில் இருக்கும் மகனோ மகளோ பெற்றோரை நீண்டகாலம் தங்கவைக்க, அவர்களுடைய நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். அது இல்லாதவர்களின் பெற்றோர் சுற்றுலாவாகத்தான் போக முடியும். பொதுவாக ஒரு தடவைக்கு 30 நாள். நீண்டகால அனுமதி கிடைத்தாலும் அது பிள்ளையின் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அவனும் கிளம்ப வேண்டும், நாமும் கிளம்ப வேண்டும். பிள்ளை குடிமகனாகிவிட்டால் வயதான பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை. இன்னொன்று, அரசு மருத்துவமனைகளின் கட்டணச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நாம் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். என் கணவருக்கு ஒருமுறை நெஞ்செரிச்சலை இதய வலியோ என்று பயந்து அவசரப் பிரிவுக்குப் போனோம். பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயணக் காப்பீடு எடுத்த நிறுவனமோ, அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் இருந்தது என்று காரணம் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டது. பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதியை நாங்கள் முன்பே படித்திருக்க வேண்டும். நீங்கள் படியுங்கள். உயிரிழப்பு நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மெல்பர்ன்

மகள் இருப்பது மேற்குப் புறநகரில், புதிதாக எழுந்த குடியிருப்பில். பெரிய வீடு, பின்னால் தோட்டம், தெளிந்த வானம். ஆனால் காலை எட்டரைக்குப் பிறகு தெருவில் ஓர் ஆள் நடமாட மாட்டார். பேருந்து நாற்பது நிமிடத்துக்கு ஒன்று. அதைப் பிடிக்கப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நாங்கள் போனது மே மாதம். ஜூன் மாதத்தில் மாலை ஐந்தே காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். நம் ஊரில் ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கும் நாளில் அங்கே கையுறை போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்போம். முதல் இரண்டு மாதம் பகல் பொழுது பாறாங்கல்லாக இருந்தது. கணவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒரே நாளில் மூன்று முறை செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மாற்றம் நூலகத்தில் தொடங்கியது. வாரம் ஒருநாள் ஆங்கிலம் பேசிப் பழக இலவச வகுப்பு. எங்கள் மேசையில் ஒரு வியட்நாம் மூதாட்டி, ஒரு சூடான் நாட்டுத் தந்தை, ஒரு பஞ்சாபித் தம்பதி. பாடம் நடத்தியவர் ஓய்வு பெற்ற செவிலியர், வயது எண்பத்திரண்டு, தனியாக வாழ்பவர். காரைத் தானே ஓட்டி வருவார். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றும், மூவரும் அதே நகரில் இருக்கிறார்கள் என்றும் தெரிந்ததும் எனக்கு மனம் கலங்கியது. பெற்ற தாயை இப்படி விட்டுவிட்டார்களே என்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள், "அவரிடமே கேட்டுப் பாருங்கள் அம்மா" என்றாள்.

ஒரு மாதம் பழகிய பிறகு கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். தன் சமையலறையில் தான் நினைத்த நேரத்துக்குத் தேநீர் போட்டுக் குடிப்பதும், பிள்ளைகள் வரும்போது அவர்களை விருந்தாளியாக உபசரிப்பதும் தன் கௌரவம் என்றார். பிள்ளையின் வீட்டில் போய் இருந்தால் தான் சுமையாகிவிடுவோம் என்ற அச்சத்தைவிட, தன் வீட்டின் உரிமையை இழப்போம் என்ற எண்ணமே அவருக்குப் பெரிதாக இருந்தது. நாம் கைவிடப்பட்டவர் என்று நினைக்கிற ஒருவர் தன்னைச் சுதந்திரமானவர் என்று எண்ணுகிறார். நம் கணக்கை அவர்கள்மேல் போட்டுப் பார்த்து இரக்கப்படுவது சரியில்லை என்று அன்று உணர்ந்தேன். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு என்னோடு இருந்தது. எங்கள் முடிவிலும் அதற்குப் பங்கு உண்டு.

வேறு சில பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். நாமும் சொன்னால் அவர் முகம் மலரும். முன்னறிவிப்பு இல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. வயது, சம்பளம், வீட்டு வாடகை, குழந்தை ஏன் இல்லை என்பவை கேட்கும் கேள்விகள் அல்ல. விருந்துக்கு ஒரு தட்டு கொண்டு வாருங்கள் என்று சொன்னால், பகிர்ந்து உண்ண ஏதாவது பதார்த்தம் செய்து எடுத்து வாருங்கள் என்று பொருள். பேரனின் நண்பன் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பான். மரியாதைக் குறைவு இல்லை. பொது நிகழ்ச்சிகளில் முதலில் அந்த மண்ணின் மூத்த குடிகளை, மெல்பர்ன் பகுதியில் பெரும்பாலும் வுருண்ட்ஜெரி மக்களை, பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். எழுந்து நிற்கவோ கைகூப்பவோ வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். ஓய்வு பெற்றவர்களே ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொள்ளும் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு 1984-இல் ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில்தான் முதலில் தொடங்கியது. பல புறநகர்களில் கிளைகள் உண்டு. கணிதமோ கோலமோ கர்நாடக இசையோ தெரிந்த நம் பெரியவர்கள் அங்கே கற்றுக்கொடுக்கவே போகலாம்.

விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதையும் மறைக்காதீர்கள். அப்பளம், வடாம், பொடி எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டினால் பெரும்பாலானவற்றை விட்டுவிடுவார்கள். பச்சை இலை, விதை, பால் பொருள்களில்தான் சிக்கல். கறிவேப்பிலைக் கொத்தைப் புடவைக்குள் சுற்றி எடுத்துப் போகிறவர்கள் பெருந்தொகையை அபராதமாகக் கட்ட நேரிடும்.

தங்கும் உரிமையைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியா பொறுமையையும் பணத்தையும் சேர்த்தே கேட்கிறது. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே நிரந்தரமாக வாழ வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும் என்பது பெற்றோர் நிரந்தர விசாவின் முதல் நிபந்தனை. எங்களுக்கு இருவரில் ஒருவர் அங்கே, அதனால் தேறுகிறோம். மூன்று பிள்ளைகளில் இருவர் தஞ்சாவூரில் இருந்தால் தேறாது. கட்டணம் செலுத்தும் வகையில் ஒருவருக்கு 45,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். அதற்கும் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கட்டணம் குறைந்த வகையில் காத்திருப்பு முப்பது ஆண்டு என்று அவர்களே சொல்கிறார்கள். அறுபத்தைந்து வயதில் அந்த வரிசையில் நிற்பதில் பொருள் இல்லை. 2019-இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசா, எண் 870, நடுவழி. மூன்று ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். மொத்தமாகப் பத்தாண்டு வரை தங்கலாம். அரசு மருத்துவத் திட்டத்தில் இந்தியப் பெற்றோருக்கு இடமில்லை. தனியார் காப்பீடு கட்டாயம்.

மற்ற ஊர்கள்

அமெரிக்கா போகிறவர்களுக்குப் பத்தாண்டு பார்வையாளர் விசா கிடைத்தாலும் ஒரு தடவைக்கு வழக்கமாக ஆறு மாதம்தான். குடியுரிமை பெற்ற பிள்ளை வழியாக நிரந்தரவாசத்துக்கான பச்சை அட்டை வாங்கினால், அதைக் காப்பாற்றவே அங்கே தொடர்ந்து இருக்க வேண்டியிருக்கும். அறுபத்தைந்து வயதானவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டைப் பணம் கட்டி வாங்குவதற்கும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜர் ஆராதனை நடக்கிறது. திருவையாறு ஆற்றங்கரையை விட்டுப் போனவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கார் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த நாட்டின் பெரும்பாலான புறநகர்களில் மெல்பர்ன் பகலே காத்திருக்கிறது.

கனடாவின் சூப்பர் விசா பெற்றோருக்கு இரக்கம் காட்டுவது. 2022 முதல் ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைகள், கோவில்கள், வானொலி எல்லாம் உண்டு. ஜனவரியின் பனியில் எத்தனை நாள் வெளியே இறங்க முடியும் என்று மட்டும் யோசியுங்கள்.

பிள்ளைகளைச் சாராமல் பினாங்கில் போய்க் குடியேறலாமா என்று எங்களிடம் ஒருவர் கேட்டார். மலேசியாவின் இரண்டாம் இல்லத் திட்டத்தில், சிறப்பு மண்டலங்களை விட்டுவிட்டால், 2024 விதிகளின்படி கீழ்ப்படி நிலைக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோடு குறைந்தது ஆறு லட்சம் ரிங்கிட்டில் வீடு. நம் ஓய்வூதியர்களில் யாருக்கு அது எட்டும்? நிலம் விற்று அங்கே போக வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

மாயவரம்

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் ஊரில் பலர் இந்தக் கேள்வியை முடித்துவிடுகிறார்கள். ஊர்மேல் எனக்கும் அதே பாசம்தான். ஆனால் ஒப்பிடும்போது சொந்த ஊரையும் அதே தராசில்தான் நிறுத்த வேண்டும்.

பகல் பொழுது என்றால் இந்த ஊருக்கு நிகர் எனக்கு வேறெங்கும் இல்லை. காலையில் கீரைக்காரம்மா, பால், செய்தித்தாள். பத்து மணிக்கு வங்கியில் என் பழைய மாணவன் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறான். மாலை மயூரநாதர் கோவில் பிராகாரம். ஐப்பசி முழுதும் துலாக் காவிரி முழுக்கு, மாதக் கடைசியில் கடைமுழுக்கு, அது தவறியவர்களுக்காக கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. தை பிறந்தால் சம்பா அறுவடை. மாதத்துக்கு மாதம் ஏதோ ஒன்று நம்மை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

குறை எங்கே என்றால், அந்த ஏழு பூட்டிய வீடுகளில். 2018 கஜா புயலுக்குப் பிறகு தெற்கே எங்கள் உறவினர் வீடுகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓடு பறந்த வீட்டில் எழுபது வயதுத் தம்பதி இருவரும் தனியாகக் கிடந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் 108-ஐ அழைக்கலாம், வண்டி வரும். ஆனால் மயிலாடுதுறை மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூரோ திருவாரூரோ போக வேண்டும். வண்டியில் உடன் ஏறுவது யார்? முன்பெல்லாம் தெருவில் யாராவது இளைஞன் ஏறுவான். இப்போது தெருவில் இளைஞர்கள் இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, அது நல்ல காரியம். அன்றாடத்துக்கு இந்த ஊர் போதும். ஆபத்து வருகிற அன்றைக்குப் போதவில்லை.

கிளம்பும் முன் காகிதங்கள்

வெளிநாடு போகிற பலர் "இனி இதை யார் பார்ப்பது" என்று வீட்டைப் பிள்ளை பேருக்குத் தானமாக எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால், நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வழி தருகிறது. நிபந்தனை இல்லாத பத்திரத்தில் நம் கை கட்டப்பட்டுவிடும். உயில் எழுதி வைத்தால் வீடு நம் காலம்வரை நம்முடையது.

நஞ்சை நிலம் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட பிள்ளை இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. நம்மிடமிருந்து வாரிசாகப் பெறலாம். விற்றால் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். இன்று ஒரு மா நிலத்தை விற்றுவிட்டால் நாளை அவன் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. நாங்கள் எங்களுடையதைக் குத்தகைக்கு விட்டு, எழுத்தில் வைத்திருக்கிறோம்.

ஓய்வூதியம் நம் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருக்கும். ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறக்கக் கூடாது. ஆண்டில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் வருமான வரியில் உங்கள் நிலையும் வங்கிக் கணக்கின் வகையும் மாறலாம்; கிளம்பும் முன் தணிக்கையாளரிடம் ஒரு முறை பேசுங்கள்.

எங்கள் முடிவு

இருவருக்கும் கால் திடமாக இருக்கும்வரை மாயவரம்தான் எங்கள் வீடு. ஆண்டுக்கு மூன்று மாதம், பங்குனி முடிந்து கத்திரி வெயில் தொடங்கும்போது சிங்கப்பூர். பதினெட்டாம் பெருக்குக்குள் திரும்பிவிடுவது. மெல்பர்னுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அவர்களுடைய வசந்தத்தில் மட்டும். மகளுக்கு இதில் வருத்தம் உண்டு. அவளுடைய வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, எங்களால் அங்கே தனியாக நடமாட முடியவில்லை என்பதை அவளிடம் நேராகவே சொன்னேன். புரிந்துகொண்டாள் என்று நம்புகிறேன்.

எங்களில் ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளில் சிங்கப்பூர். அதற்காகத்தான் இப்போதே ஆண்டுதோறும் போகிறோம். பலர் துணையை இழந்த பிறகு, அல்லது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, பிள்ளையிடம் போகிறார்கள். ஒரு புதிய ஊரைக் கற்றுக்கொள்ள அதைவிட மோசமான நேரம் இல்லை. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பதற்கு முன்பே வாய்க்கால்களைத் தூர் வாரிவிட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியை எடுத்துப் பயனில்லை. நடக்கத் தெம்பு இருக்கும்போதே பேருந்து எண்களையும், பூக்கடைப் பெண்மணியின் பெயரையும், சீனப் பெரியவரின் வணக்கத்தையும் நான் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் வேலை போனால் இந்தத் திட்டமும் போய்விடும் என்பது தெரியும். அப்படி நேர்ந்தால் தஞ்சாவூரில், மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில், சிறிய வாடகை வீடு பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

போன வாரம் கணவரிடம் கேட்டேன், நான் முதலில் போய்விட்டால் தனியாகச் சிங்கப்பூரில் இருந்துவிடுவீர்களா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "இருப்பேன். ஐப்பசியில் மட்டும் ஒரு வாரம் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொல்" என்றார். அன்று இரவே மகனுக்கு அதை எழுதி அனுப்பினேன். வீட்டுச் சாவியில் ஒன்றை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். கிணற்று மோட்டாரை வாரம் ஒருமுறை ஓடவிட அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.